உமித்தூசியும் ஜெனியின் மூச்சும்

எங்கள் தெருவில் இப்போது எந்தப் பிள்ளைக்கு மூச்சு இரைத்தாலும், டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து நிற்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அரைக்கிற மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு வருடமாக ஆஸ்பத்திரி பெஞ்சுகளைத் தேய்த்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் வருகிறவர்கள் கையில் கொடுத்து, படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம்.

என் மகள் ஜெனிக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடக் கபடி அணியில் பாடிப் போகிறவள். ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே எதிரணிக்குள் புகுந்து, ஒருத்தியையாவது தொட்டுவிட்டு, பாட்டு நிற்பதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். நானும் இளவயதில் ஆடியவன்தான். அவள் ஓடப் பழகின காலத்திலேயே வீட்டுக்குள் சாக்பீஸால் கோடு கிழித்து நாங்கள் இருவரும் ஆடியிருக்கிறோம். என் மனைவி புஷ்பம் அங்கன்வாடி டீச்சர். "அப்பனும் மகளும் மூச்சடக்கப் பழகுறாக, வாயடக்கத்தான் யாரும் பழகக் காணோம்" என்பாள்.

போன வருடம் ஒரு போட்டியில், ஜெனி நன்றாகப் பாடிப் போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். கோட்டைத் தாண்டியதும் அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டாள். பி.டி. சார் எனக்குப் போன் செய்தபோது பின்னணியில் அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர் வராத குழாயைத் திறந்தால் காற்றை இழுக்குமே, அது மாதிரி ஒரு சத்தம். என் பிள்ளையின் தொண்டையிலிருந்து வருகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"அண்ணே, பதறாம வாங்க. காரைக்குடிக்குத்தான் கொண்டு போறோம். நேரா அங்குட்டு வந்துருங்க" என்றார்.

மில்லில் இருந்து போட்ட சட்டையோடு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஜெனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மாஸ்க், அதிலிருந்து புகை மாதிரி மருந்து வந்துகொண்டிருந்தது. மருந்தை ஆவியாக்கி நெஞ்சுக்குள் அனுப்புகிற மிஷின் அது. நெபுலைசர் என்பார்கள். முகம் தெளிந்திருந்தது. புஷ்பம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. "விசில் மாதிரி சத்தம் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றோம். "விளையாடினா வருதா?" ஆமாம் என்றோம். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தலையிலும் தோளிலும் உமித்தூசி அப்பியிருந்தது.

"நீங்க என்ன வேலை பாக்குறீக?"

"ரைஸ் மில்லுங்க சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்புறம் வேற என்ன வேணும்? தினமும் தூசியை வீட்டுக்குச் சுமந்துட்டுப் போறீகளே" என்றார்.

ஆஸ்துமா என்றால் நுரையீரலுக்குள் போகிற சின்னச் சின்னக் குழாய்கள் சுருங்கிக்கொள்வது, சிலருக்கு ஓடினால் ஆடினால் அது வரும், தூசி பட்டால் கூடும் என்று அவர் விளக்கினார். எனக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. என் பிள்ளையின் மூச்சை அடைத்தவன் நான் என்பது மட்டும் முழுதாக விழுந்தது.

சில நாட்கள் அங்கேயே வைத்திருந்தார்கள். இரவில் புஷ்பம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஜெனியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே போகப் பயமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, தன் பிளாஸ்கில் இருந்து தினமும் எனக்கும் ஒரு டம்ளர் காபி ஊற்றி வெளியே கொண்டுவந்து கொடுப்பார். "நீங்களும் உள்ளாற வந்து உக்காருங்கண்ணே" என்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டதிட்டங்கள் ஆரம்பமாயின. நெல் அவிக்கிற இடத்தில் எப்போதும் வெந்நீர் கிடக்கும். வேலை முடிந்ததும் மில்லிலேயே குளித்துவிடுவேன். மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மில் துணியை ஒரு பையில் திணித்து வாசல் சுவரில் அடித்த ஆணியில் மாட்டுவேன். அந்தப் பை வீட்டுக்குள் வரக்கூடாது. புஷ்பம் அதைத் தனியாக ஊறவைத்து, தனியாகத் துவைத்து, தனிக்கொடியில் காயப்போட்டாள். அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு வந்து இதையும் செய்தாள், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அப்படியும் எனக்கு மனசு ஆறாது. சாப்பிட்டதும் வெளி அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். ஜெனி ஏதாவது காட்ட வந்தால், "அங்கனயே நின்னு சொல்லுத்தா" என்பேன். கொஞ்ச நாளில் அவள் வருவதையே விட்டுவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்தான் மனிதனை ரொம்பக் களைக்க வைக்கிறது.

இத்தனை செய்தும் மூச்சடைப்பு நிற்கவில்லை. பம்ப் என்று எல்லோரும் சொல்கிற இன்ஹேலரை, ஜெனி காலையும் மாலையும் நீளமான பிளாஸ்டிக் குடுவையில் மாட்டி இழுத்தாள். நடந்தால் ஒன்றுமில்லை. படி ஏறினால் ஒன்றுமில்லை. பி.டி. சார் கெஞ்சினார் என்று மறுபடி கபடிக்கு அனுப்பினால், பாடிப் போய்த் திரும்புகையில் அதே சத்தம். ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். புகை மருந்து வைப்பார்கள், சரியாகிவிடும். மருந்தின் அளவைக் கூட்டினார்கள். மறுபடி அதே கதை. விளையாட்டை விட்டுவிடச் சொன்னார்கள். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மில் வேலையை விடு, பிள்ளை பெரிசா வேலை பெரிசா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். திருப்பூரில் இருக்கிற மச்சான் எனக்கு அங்கே ஒரு பனியன் கம்பெனியில் சொல்லிவைத்தார். புஷ்பத்தின் வேலை இங்கே, ஜெனியின் படிப்பு இங்கே. நான் மட்டும் தனியாகப் போய்க் கிடக்க வேண்டும். போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். கடைசியாக ஒருமுறை மதுரையில் காட்டிவிட்டுப் போவோம் என்று புஷ்பம்தான் பிடிவாதம் பிடித்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் ஒரு பெண்மணி. அவரைப் பார்ப்பதற்குள் எங்கள் பாதி உயிர் போய்விட்டது. டோக்கன் வாங்க ஒரு வரிசை, டோக்கனைக் காட்ட ஒரு வரிசை. சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புஷ்பம் கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை மூன்று பேரும் மடியில் வைத்துச் சாப்பிட்டோம். வழக்கம்போல நான் பெஞ்சின் ஒரு கோடியில், ஜெனி மறுகோடியில், நடுவில் புஷ்பம். இருமல் வந்தால் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வருவேன். மில்லில் வேலை பார்க்கிறவன் இருமாமல் வேறு யார் இருமுவது?

முதலில் ஊதுகிற டெஸ்ட். மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரு குழாயில் வேகமாக ஊதித் தள்ள வேண்டும். எவ்வளவு காற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று மிஷின் கோடு போட்டுக் காட்டும். அடுத்தது ஓட்ட டெஸ்ட். ஓடுகிற பட்டையின்மேல் நன்றாக இரைக்கிற வரைக்கும் ஓடவிட்டு, இறங்கினதும் ஊதச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊத வேண்டும், அப்புறம் மறுபடியும். விளையாட்டால் வருகிற ஆஸ்துமா பெரும்பாலும் ஓடும்போதைவிட ஓடி நின்ற பிறகுதான் கூடுமாம், அப்போது ஊதுகிற காற்று குறையுமாம். இந்த டெஸ்ட்டுக்காகப் பம்பை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். புஷ்பம் அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி, பிள்ளை ஓடி முடிக்கிற வரை கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. ஊதின காற்று கொஞ்சம்கூடக் குறையவில்லை. "நார்மல்" என்றார் டெஸ்ட் எடுத்தவர். நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. ஒன்றும் இல்லை என்றால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இன்னும் எத்தனை பெஞ்சில் உட்கார வேண்டும்?

டாக்டரம்மா அனுப்பிவிடவில்லை, அட்மிஷன் போடச் சொன்னார். மறுநாள் வார்டுக்கு வந்து ஜெனியின் கட்டிலிலேயே உட்கார்ந்தார். நானும் புஷ்பமும் மாறி மாறி கதை சொல்ல ஆரம்பித்தோம். அவர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார்.

"நீங்க ரெண்டு பேரும் நேத்தே சொல்லிட்டீங்க. இப்ப அவ சொல்லட்டும். எப்பம்மா வருது?"

"பாடிப் போயிட்டுத் திரும்புறப்ப" என்றாள் ஜெனி.

"திரும்பினதும் மூச்சை இழுப்பேல்ல, விடுவேல்ல. சத்தம் எதுல வருது?"

ஜெனி ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். "இழுக்கறப்ப. விடறப்ப வராது."

"எங்க அடைக்குது? கையை வச்சுக் காட்டு."

ஜெனி நெஞ்சில் கை வைக்கவில்லை. தொண்டையைப் பிடித்துக் காட்டினாள்.

ஒரு வருடமாக அத்தனை பேர் பார்த்தோம், இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. சத்தம் வருகிறதா என்று கேட்டார்கள், வருகிறது என்றோம். வீசிங், அதாவது நெஞ்சு இரைப்பு என்று ஒரு பெயர் கிடைத்ததும், அப்பன் மில்லில் வேலை பார்க்கிறான் என்பதும் சேர்ந்துகொள்ள, அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் யார் இருமினாலும் யாருக்கு இரைத்தாலும் மில்லைத்தான் காட்டுவோம்.

டாக்டரம்மா எழுந்தார். "நேத்து ஓடினது வேற, பாடுறது வேற. வா, எனக்குப் பாடிக் காட்டு" என்றார்.

உடற்பயிற்சி கொடுக்கிற அறைக்குப் போனோம். நர்ஸ் ஒருவர் பிளாஸ்திரி எடுத்துத் தரையில் குறுக்கே நீளமாக ஒட்டினார். அதுதான் நடுக்கோடு. எதிரணிக்கு ஆள் வேண்டுமே. நர்ஸ் நின்றார், சேலையைச் செருகிக்கொண்டு புஷ்பம் நின்றாள். நான் சுவரோரம் ஒதுங்கியிருந்தேன்.

"அப்பா, நீங்களும் நில்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"என் மேல தூசி இருக்கும் மேடம்."

"மதுரைக்கு வந்து ரெண்டு நாளாச்சு. இன்னுமா தூசி? நில்லுங்க."

ஜெனி முதலில் வெட்கப்பட்டு முணுமுணுத்தாள். இரண்டாவது தடவை குரல் ஏறியது. மூன்றாவது தடவை என் பக்கமாகக் காலை நீட்டித் தொட வந்தாள். சத்தியமாக நான் எதுவும் யோசிக்கவில்லை. பழைய பழக்கம், குனிந்து அவள் கணுக்காலை இறுகப் பிடித்துவிட்டேன். அவள் ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டே பாட்டை விடாமல் என்னையும் சேர்த்துக் கோட்டை நோக்கி இழுத்தாள்.

"விடுங்கங்க! இது ஆஸ்பத்திரிங்க!" என்று புஷ்பம் கத்தினாள்.

எனக்கு விட மனசு வரவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் பிள்ளையைத் தொட்டேன்.

மறுபடி மறுபடி பாடச் சொன்னார்கள். மூச்சு வாங்க இடைவெளி கொடுக்கவில்லை. கடைசியில் கோட்டைத் தாண்டியதும் அது வந்தது, தண்ணீர் வராத குழாய் காற்றை இழுக்கிற அதே சத்தம். புஷ்பம் பம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா அவளைத் தடுத்து, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் கேட்டார், பிறகு ஜெனியின் தொண்டையில் வைத்துக் கேட்டார். "பயப்படாத. மூக்கு வழியா மெதுவா இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த மருந்தும் இல்லாமல், கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் புகை மருந்தில் அடங்கியதாக நினைத்ததும், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நேரத்தில் தானாகவே அடங்கியதுதான்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. அடைப்பு மேல, தொண்டையில" என்றார்.

அடுத்த நாள் அதை உறுதி செய்தார்கள். மூக்கை மரத்துப்போகச் செய்து, நூடுல்ஸ் மாதிரி மெல்லிய கேமராக் குழாயைத் தொண்டை வரை விட்டு, நின்ற இடத்திலேயே ஓடுகிற சைக்கிளில் ஜெனியை ஏற்றி வேகமாக மிதிக்கச் சொன்னார்கள். திரையில் நாங்களும் பார்த்தோம். தொண்டைக்குள் இரண்டு வெள்ளைத் திரைகள். குரல் நாண்கள். நாம் பேசுவது அவற்றால்தான். மூச்சை இழுக்கும்போது அவை கதவு மாதிரி அகலத் திறக்க வேண்டும். இவளுக்கு மூச்சு வாங்க வாங்க, திறக்க வேண்டிய நேரத்தில் அவை நெருங்கி மூட வந்தன. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு, அதுவும் விடாமல் விளையாடுகிற பிள்ளைகளுக்கு இது வருவதுண்டாம். பார்க்க ஆஸ்துமா மாதிரியே இருக்குமாம். பம்புக்கு அடங்காதாம், அங்கே பம்புக்கு வேலையே இல்லையாம்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். "மேடம், இது என் சட்டையில இருந்த தூசியால வந்ததா?"

"இல்ல. உங்க சட்டையில இருந்து வந்ததில்ல இது."

"நான் திருப்பூருக்குப் போகணுமா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. புஷ்பம் எடுத்துச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவளுக்காக எங்கயும் போக வேணாம்" என்றார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், பிள்ளைக்கு எதிரிலேயே அழுதேன். அழுகையோடு இருமலும் சேர்ந்துகொண்டது. அது லேசில் நிற்கவில்லை.

டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளா இந்த இருமல்?"

"அது மில் இருமல் மேடம். எல்லாருக்கும் இருக்கும்."

"அப்படி ஒரு வியாதி எங்க பாடத்துல இல்லையே. வாங்க, ஊதுங்க."

மூக்கில் கிளிப்பை மாட்டிக் குழாயை என் வாயில் வைத்தார்கள். ஜெனி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். இந்த டெஸ்ட்டில் அவள் தேறினவள் அல்லவா! "ஊதுப்பா! இன்னும், இன்னும், விடாதப்பா, இன்னும்!" என்று நடுக்கோட்டில் நிற்கிறவள் மாதிரி கத்தினாள். என்னால் முடியவில்லை. பாதியிலேயே காற்று தீர்ந்துவிட்டது. திரையில் என்னுடைய கோடு, கிளம்பின இடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டது. அவளுக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியும். கத்துவதை நிறுத்திவிட்டாள்.

சுருங்கியிருந்த குழாய்கள் என்னுடையவை. தூசி வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அது என்னைவிட்டு நகரவே இல்லை. நல்லவேளை, இந்த மட்டில் பார்த்தோம், மருந்தும் மாஸ்க்கும் போட்டு மிஷின் பக்கத்தைவிட்டு விலகினால் மேலும் மோசமாகாமல் பிடித்து வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. முதலாளி முனகினார், ஆனாலும் என்னை லாரி எடை போடுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். என் மிஷினை இப்போது வேறொருத்தர் ஓட்டுகிறார். அவருக்கு நான் ஒரு பெட்டி மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கழுத்தில்தான் மாட்டிக்கொண்டு திரிகிறார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெனிக்கு இப்படி என்பதால் உங்கள் பிள்ளையின் பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அதுதான் உயிர். ஜெனிக்கே டாக்டரம்மா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினோம். டாக்டரிடம் போனால் சத்தம் இழுக்கும்போது வருகிறதா விடும்போது வருகிறதா, ஆடும்போதே வருகிறதா ஆடி முடித்த பிறகா, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். முடிந்தால் சத்தம் வருகிறபோது போனில் வீடியோ பிடித்துக்கொண்டு போங்கள். பிள்ளையைப் பேச விடுங்கள்.

ஜெனிக்கு மருந்து கிடையாது, பயிற்சிதான். தோளைத் தளர்த்தி, மூக்கால் வயிறு நிறைய இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். திக்குவாய்க்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பலன் தெரிய மாதக்கணக்கானது. இப்போது மறுபடி கபடியில் பாடிப் போகிறாள். சில நாள் இன்னும் அடைக்கும், குனிந்து நின்று சமாளித்துக்கொள்கிறாள்.

மதுரையிலிருந்து வந்து, எடை மேடையில் முதல் நாள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய சாயங்காலம், பழக்க தோஷத்தில் வாசலில் நின்று மில் துணிப் பையை ஆணியில் மாட்டினேன். ஜெனி உள்ளேயிருந்து வந்தாள்.

"இது இன்னும் எதுக்குப்பா வெளிய? அதான் எனக்கு ஒன்னுமில்லைன்னாகல்ல" என்று சொல்லிக்கொண்டே பையைக் கழற்றி எடுத்தாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள். பையில் ஒட்டியிருந்த உமித்தூசியைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து அதை அதே ஆணியில் மாட்டினாள்.

"வெளியவே கிடக்கட்டும். இனிமே இது எனக்காக இல்ல, உனக்காக" என்றாள். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.